மஞ்சள் ஒரு சொட்டு அதிகம்

மூன்றாவது தாளும் மஞ்சளாகத்தான் வந்தது. பிரிண்டர் அதை முனகிக்கொண்டே அங்குலம் அங்குலமாக வெளியே தள்ளும்போதே திருமூர்த்திக்குத் தெரிந்துபோயிற்று, முதலில் வேட்டியின் மடிப்பு, அப்புறம் நெற்றி, அப்புறம் மூடிய இமை, மூக்கு, அட எளவே, இதுவும் போச்சு, இது குழந்தையா மாம்பழமா என்று தாள் முழுசாக வந்து விழுவதற்குள் மனசு சலித்துக்கொண்டது, ஆனாலும் கை பொறுமையாக இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து, மை கலையாமல், மேசையில் மற்ற இரண்டு தாள்களுக்குப் பக்கத்தில் அதையும் வைத்தது. காய்ந்தால் மாறும். ஈரத்தில் ஒரு ஷேடு, காய்ந்தால் ஒரு ஷேடு, இதெல்லாம் அவனுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை, பதினாலு வருஷமாகத் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையின் லேபில் உட்கார்ந்து அதைத்தானே செய்கிறான், வெளிநாட்டுக்காரன் அனுப்புகிற கையகலத் துணியைப் பார்த்து அதே கலரை அச்சு அசலாகக் கொண்டுவருவது, பத்தாயிரம் பனியன் அவன் கண்ணை நம்பித்தான் சாயத்தொட்டியில் இறங்குகிறது, அப்பேர்ப்பட்ட கண்ணுக்கு ஒரு உள்ளங்கை முகத்தின் கலர் பிடிபடமாட்டேன் என்கிறது. மணி எட்டே முக்கால். ஐசியூவில் பதினோரு மணிக்குத்தான் விடுவார்கள், பத்தே நிமிஷம், ஒரே ஆள், செல்போன் கூடாது. அதற்குள் இந்தச் சனியன் ஒரே ஒரு படத்தை ஒழுங்காக அடித்துத் தந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம், ஒரே ஒரு படம். துளசிக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். நாளைக்குச் சரியான கலரில் கொண்டுவருகிறேன் என்று வாய் கூசாமல் சொல்லியிருக்கிறான்.

நேற்று அவள் அந்தப் படத்தைப் பிடித்திருந்த விதம். ஊசி குத்தின கையால் பிடிக்க முடியாமல் நெஞ்சின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், தூரக் கொண்டுபோய், ரொம்ப நேரம். பிரசவத்தன்று ராத்திரி வலிப்பு வந்து அந்தச் சின்ன நர்சிங் ஹோமிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியதில் அவள் குழந்தையைப் பார்க்கவேயில்லை, குழந்தை ஒரு வண்டியில் துளசியின் அக்கா வீட்டுக்காரரோடு வீட்டுக்கு, அம்மா ஒரு வண்டியில் சைரனோடு, இவன் எந்த வண்டியில் ஏறுவது என்று தெரியாமல் வாசலில் நின்றவன். மூன்று நாள் கழித்துக் கண்ணைத் திறந்ததும் அவள் கேட்ட முதல் வார்த்தை, பாப்பா உசுரோட இருக்குதுங்களா. இருக்குது துளசி, வீட்டுல நல்லா இருக்குது, மூணு கிலோ. நம்பவில்லை. எப்படி நம்புவாள், போன தடவை ஏழாம் மாசத்தில் போன பிள்ளையையும் நல்லாத்தான் இருக்குது என்று சொல்லிச் சொல்லித்தானே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்கள், முகத்தைக்கூடக் காட்டவில்லை. அதனால்தான் படம். நர்ஸம்மாதான் சொன்னாள், செல்லு உள்ளே வரக்கூடாது, பேப்பரில் அடித்துக் கொண்டுவாங்க, பார்த்தாலாவது பிரஷர் இறங்கட்டும். கொண்டுபோனான். பார்த்தாள். அழுவாள், சிரிப்பாள் என்று இவன் நிற்க, அவள் உதடு வறண்டு பிளந்த வாயால், "ஏனுங்க, பாப்பா மஞ்சளா இருக்குதுங்களே" என்றாள். அட, அது பிரிண்டருடா கண்ணு, அது ஏமாத்துது. "இல்லீங்க, மஞ்சளா இருக்குது." தலைமாட்டில் இருந்த மிஷினில் நம்பர் ஏறியது, இவன் பார்த்துக்கொண்டே இருந்தான், நூற்றி அறுபது, நூற்றி அறுபத்தைந்து, நர்ஸம்மா வந்து இவனைத் தோளில் தொட்டு வெளியே கூட்டிக்கொண்டு போய், அவங்களுக்கு டென்ஷன் கொடுக்காதீங்க சார், இன்னொரு தடவை வலிப்பு வந்தால் தாங்கமாட்டாங்க என்றாள். தாங்கமாட்டாங்க. அந்த வார்த்தை நேற்றுமுதல் காதிலேயே உட்கார்ந்திருக்கிறது. துணி வாங்குகிற பையர்காரன் மஞ்சள் ஜாஸ்தி என்று எழுதி அனுப்பினால் இவன் யோசிப்பதேயில்லை, கை தானாக மஞ்சளைக் குறைத்து நீலத்தைத் தொடும், இதிலும் அப்படித்தான், துளசி சொல்லிவிட்டாள், மஞ்சள் ஜாஸ்தி, சரி செய்ய வேண்டியது இவன் வேலை.

ஆனால் என்ன செய்தும் அசையவில்லையே. காலையிலிருந்து மை வருகிற துளைகளைக் கழுவவிட்டான், சோதனைக் கோடு அடித்துப் பார்த்தான், நாலு கலரும் ஒரு இடத்தில்கூட விட்டுப்போகாமல் நேராக வந்தது. பளபளப்புத் தாள் என்று சொல்லாமல் சாதாத் தாள் என்று விட்டிருக்கிறோமோ என்று அதையும் மாற்றினான். மூன்று தடவை, மூன்று தடவையும் ஒரே மஞ்சள், ஒரு நூல் கூடவும் இல்லை குறையவும் இல்லை. மிஷின் கெட்டிருந்தால் மூன்று விதமாக அல்லவா கெட்டுத் தொலையணும் என்று ஒரு யோசனை குறுக்கே ஓடியது, ஓடினதைப் பிடித்து வைப்பதற்குள் உள் ரூம் கதவு ஒரு சாண் திறந்தது. சாரதாமணி அக்கா, துளசிக்கு மூத்தவள், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அஞ்சு நாளாகத் தன் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வந்திருப்பவள். "தம்பி, பாப்பா பாலே குடிக்க மாட்டீங்குதுங்க. பாலாடையில ஊத்துனா கடவாயில வழிஞ்சுருது. தூங்கீட்டே இருக்குது." தூங்கட்டும்க்கா, தூங்கறதை எதுக்கு எழுப்பறீங்க. "ராத்திரியும் அழுகலைங்க." அதான் சமத்துங்கறது, அவங்கம்மாளாட்டம். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் சிரித்தான், அக்காவும் பாவம் சிரித்தாள். இன்னொரு போட்டோ எடுத்துக்கட்டுங்களா, வெளிய கொண்டாங்களேன். "அய்யோ, இந்தக் காத்துல பச்சை ஒடம்பைக் கொண்டாறதாவது, நேத்துக் குளிக்க வெக்கறப்பத்தான் வாசப்படிகிட்ட எடுத்தீங்களே, அதே போதுங்க, கண்ணுப் பட்டுரும்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே ஜன்னலில் போர்வை கட்டித் தொங்கவிட்டு, சின்னதாக ஒரு மஞ்சள் பல்பைப் போட்டு வைத்திருக்கிறாள், அந்த வெளிச்சத்தில் அக்காவின் முகமும் மஞ்சள், சுவரும் மஞ்சள், பாலும் மஞ்சள். இவனுக்கு அந்த ரூமுக்குள் போகவே பயம். குழந்தையைத் தூக்கச் சொல்லிவிடுவாளோ என்று பயம், சாயம் ஏறிக் கறுத்த நகத்தோடு எங்கே பிடிப்பது, அது கழுத்து நிற்காமல் தொங்குகிறது. படம் அடிப்பது எவ்வளவோ தேவலை.

சரி, இனிமேல் மிஷினை நம்பிப் பிரயோஜனமில்லை, கையால்தான் இழுக்கணும் என்று கலர் கட்டங்களைத் திறந்து மஞ்சளைப் பத்துப் புள்ளி குறைத்தான், நீலத்தை ஆறு கூட்டினான். நாலாவது தாள். கொஞ்சம் இறங்கியிருந்தது, போதாது. ட்யூப்லைட்டுக்குக் கீழே பார்த்தான், அது இவன் பரம விரோதி, அதன் கீழே ஒன்றாகத் தெரிகிற இரண்டு துணி வெயிலில் போனால் அண்ணன் தம்பியாகக்கூட இருக்காது, லேபில் அதற்காகவே பகல் வெளிச்சம் எரிகிற பெட்டி ஒன்று உண்டு, அதற்குள் வைத்துப் பார்க்காமல் இவன் எதையும் சரி என்று சொன்னதில்லை. தெரு முனை ஸ்டுடியோவில் கொடுத்தால் என்ன? கொடுக்கலாம், பத்து மணிக்குத் திறப்பான், கறுப்போ சிவப்போ யார் போனாலும் பவுடர் பூசினமாதிரி ஒரே வெள்ளையாக்கிக் கொடுப்பான், துளசிக்கு அது வேண்டாம், அவள் ஒரு தடவைதான் பார்க்கப்போகிறாள் என்றால், சீ, என்ன நினைப்பு இது, வாயைக் கழுவு. அவள் நல்லாகி வருவாள். வீங்கியிருந்த அவள் பாதம். ஒன்பதாம் மாசம் செருப்பு நுழையவில்லை என்று இவன் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள், அதைப் பார்த்து இரண்டு பேரும் சிரித்தார்களே, சிரிக்கிற விஷயமா அது, பாதம் வீங்கினால் பிரஷர் என்று யாராவது ஒருத்தர் சொல்லியிருக்கலாமே, பார்த்துக்கொண்டே இருந்தானே, பார்ப்பதுதானே இவன் பிழைப்பு. நர்சிங் ஹோம் வராண்டாவில் அன்றைக்கு எதிரே ஒரு கண்ணாடி ரூம் இருந்தது. உள்ளே பெட்டிக்குள் ஒரு குழந்தை, கண்ணுக்குத் துணி கட்டி, உடம்பெல்லாம் நீல வெளிச்சம், ஊதா கலந்த நீலம். அந்த நேரத்திலும் இவன் புத்தி, இந்த வெளிச்சத்தில் எந்த ஷேடையும் பார்க்க முடியாதே என்றுதான் நினைத்தது. பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுஷன், எங்க பாப்பாதாங்க அது, என்று என்னவோ சொல்ல ஆரம்பித்தார், சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது, துளசியின் கை வெளியே தொங்கிக்கொண்டு வந்தது, அந்த ஆள் என்ன சொன்னாரோ. மணி ஒன்பதே கால். நீலம் இன்னும் ஆறு.

அஞ்சாவது பரவாயில்லை, ஆறாவதுக்கு மஞ்சளை இன்னும் பதினைந்து வெட்டி, நீலத்தோடு துளி சிவப்பும் விட்டான், விட்டுவிட்டு அடுக்களைக்குப் போய்த் தண்ணீர் குடித்தான், பார்த்துக்கொண்டு நின்றால் வராது என்று ஒரு அசட்டு எண்ணம், திரும்பி வந்து பார்த்தால், அட சாமி, ரோஸ். ரோஜாப்பூ ரோஸ். கன்னம் ரோஸ், மூக்கு நுனி ரோஸ், உதடு அதைவிட ஒரு மாற்று கூட. குழந்தை என்றால் இதல்லவா குழந்தை. திருமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றான், துளசி, இந்தா, இதுதான் உன் பிள்ளை, பார்த்துக்கோ, நான் சொன்னேனா இல்லையா, பிரிண்டர் மேலதான் தப்பு. அவள் முகத்தில் வரப்போகிற சிரிப்பையும் மிஷினில் இறங்கப்போகிற நம்பரையும் இங்கேயே பார்த்துவிட்டான், நூற்றி நாற்பது, நூற்றி முப்பது, இறங்கு, இறங்கு. மணி ஒன்பதே முக்கால்தான், குளித்துவிட்டுக் கிளம்பினால் சரியாக இருக்கும். ஆனால் பழக்கம் விடுகிறதா, பகல் வெளிச்சத்தில் ஒரு தடவை பார்க்காமல் எதையும் கொடுத்தனுப்பி வழக்கமில்லையே, தாளைத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்து கொல்லைக்குப் போனான். நல்ல வெயில். கொடியில் அக்கா குழந்தைத் துணியெல்லாம் காயப்போட்டிருந்தாள், படத்தில் குழந்தைக்குக் கீழே விரித்திருந்த அதே பழைய வேட்டியும் கிடந்தது, மாமனார் கட்டி மெத்தென்று ஆன வேட்டி, சன்னமாகப் பச்சைக் கரை. தாளை நீட்டிப் பிடித்தான். ரோஸ் வெயிலிலும் நின்றது. சபாஷ். அப்புறம்தான் கண் தன்பாட்டுக்கு ஓரத்துக்குப் போயிற்று. படத்து வேட்டி நீலமாக இருந்தது.

லேசான நீலம் இல்லை, சொட்டு நீலத்தை மூடியோடு கவிழ்த்துவிட்டாற்போல நீலம். அக்காவின் கை ஓரத்தில் தெரிந்தது, அதிலிருந்த சிவப்புக் கண்ணாடி வளையல் கத்தரிக்காய்க் கலராகியிருந்தது. அது கிடக்குது, வேட்டியை யார் பார்க்கப்போகிறார்கள், துளசி முகத்தைத்தானே பார்ப்பாள், வேட்டியை வெட்டிவிட்டு முகத்தை மட்டும் அடித்தால் போயிற்று என்று மனசு சொன்னது, காலும் உள்ளே திரும்பியது, திரும்பி வந்து மேசைமுன் நின்றவன் கத்தரிக்கோலைத் தேடாமல் முதல் தாளை எடுத்தான், காலையில் அடித்த முதல் தாள், எதையும் தொடாமல் அடித்தது. அதை எடுத்துக்கொண்டு மறுபடி கொல்லைக்குப் போனான். கொடியில் கிடந்த வேட்டியின் மேலேயே வைத்தான். வெள்ளை. இந்த வெள்ளையும் அந்த வெள்ளையும் ஒரே வெள்ளை, எங்கே தாள் முடிகிறது எங்கே துணி தொடங்குகிறது என்று தெரியாத வெள்ளை. கரை அதே பச்சை. வளையல் அதே சிவப்பு. பையன்களுக்கு லேபில் முதல் நாள் இவன் சொல்லிக்கொடுப்பதே அதுதான், முதலில் வெள்ளையைப் பாரு, வெள்ளை சரியாக இருந்தால் மிஷின் சரி, மிச்சத்தை அப்புறம் பேசலாம். வெள்ளை சரியாக இருக்கிறது. இல்லை, செல் கேமரா இப்படி எடுத்திருக்கலாம். எடுத்தால் வேட்டியும் மஞ்சளாகியிருக்கும். வாசற்படி வெயில் பட்டிருக்கலாம். வேட்டிக்கும் அதே வெயில்தான். குளிக்கவைக்குமுன் அக்கா மஞ்சள்கிஞ்சள் தடவியிருக்கலாம், ஆமாம், அதுதான், அக்கா கையில் மஞ்சள் இருந்திருக்கும், அக்கா கை படத்தில் இருக்கிறது, மாநிறம், சுத்தமான மாநிறம். வெள்ளை சரி, பச்சை சரி, சிவப்பு சரி, கை சரி. அந்தப் படத்தில் மஞ்சளாக இருந்தது ஒன்றே ஒன்றுதான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த மனுஷன் அஞ்சு நாள் கழித்து இப்போது காதுக்குள் மிச்சத்தையும் சொன்னார், எங்க பாப்பாதாங்க அது, மஞ்சள் ஏறிப்போச்சுங்க, லைட்டுல வெச்சிருக்காங்க, நல்லவேளை சீக்கிரம் பார்த்துட்டோம், விட்டிருந்தா மூளைக்கு ஏறியிருக்குமாங்க. மூளைக்கு ஏறியிருக்குமாங்க. பால் குடிக்க மாட்டீங்குது. ராத்திரியும் அழுகலைங்க. அதான் சமத்துங்கறது. அவங்கம்மாளாட்டம். அட பாவி, அட பாவி, அட பாவி.

ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு போய் ஜன்னல் போர்வையை ஒரே இழுப்பில் இழுத்துப் போட்டான், ஆணியோடு வந்தது. "என்னங்க தம்பி பண்றீங்க, காத்து, காத்து" என்று அக்கா எழுந்தாள். ஜன்னல் இரண்டு கதவையும் திறந்தான், பல்பை அணைத்தான், குனிந்து குழந்தையை எடுத்தான், எங்கே பிடிப்பது என்று யோசிக்கவேயில்லை, எடுத்துவிட்டான், தலை முழங்கையில் வந்து விழுந்தது, கனமே இல்லை, மூணு கிலோ என்றார்களே, வெயில் விழுகிற இடத்தில் நின்று பார்த்தான். ஆறு தாளில் எந்தத் தாளும் இவ்வளவு மஞ்சள் இல்லை. அது நேற்றுக் காலை எடுத்த படம், ஒரு பகலும் ஒரு ராத்திரியும் போயிருக்கிறது. கறுத்த நகத்தோடு கட்டைவிரலை நெற்றியில் லேசாக அழுத்தி எடுத்தான், சிவக்கணும், சிவக்கவேயில்லை, விரல் பட்ட இடம் மஞ்சளாகவே நின்றது. நெஞ்சில் அழுத்தினான். வயிற்றில். பாதத்தில், விரல் நீளமே இருக்கிற அந்தப் பாதத்தில். இமையை விலக்கினான், வெள்ளை இருக்கவேண்டிய இடத்திலும் அதேதான். "அக்கா, இங்க வாங்க. பாருங்க." சாரதாமணி பார்த்தாள். அவள் கை வாய்க்குப் போயிற்று. "நான் லைட்டு வெளிச்சம்னு நெனச்சனேப்பா. சாமீ, நான் லைட்டு வெளிச்சம்னுல்ல நெனச்சுட்டு இருந்தேன்." நானும்தான்க்கா. துளசி மட்டும் நினைக்கவில்லை. எழுந்து உட்காரத் தெம்பில்லாமல், பெற்ற பிள்ளையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கையகலத் தாளைப் பார்த்து ஒரே பார்வையில் அவள் சொன்னாள், இவன் அதைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான், காலை முழுக்க, மூன்று மணி நேரம், பிள்ளையைப் பக்கத்து ரூமில் வைத்துக்கொண்டு.

ஆட்டோவில் அக்கா ஒரு பக்கம், இவன் ஒரு பக்கம், பிள்ளை இவன் மடியில். பெரிய ஆஸ்பத்திரிக்கே போங்கண்ணா, சீக்கிரம், என்று சொன்னதுதான், டிரைவர் கேள்வி கேட்காமல் ஹாரனில் கையை வைத்துக்கொண்டு பறந்தார். ஒரே கட்டடம், மேலே மூன்றாவது மாடியில் அம்மா, கீழே எங்கேயோ ஒரு கண்ணாடி ரூமில் அந்த நீலப் பெட்டி இருக்கும், இருக்கணும், காலியாக இருக்கணும். நீலம் இன்னும் ஆறு, இன்னும் ஆறு என்று தாளில் ஊற்றின நீலத்தையெல்லாம் இந்த உடம்பில் ஊற்றியிருக்கக்கூடாதா. சட்டைப்பையில் முதல் தாள் இருந்தது, மஞ்சள் தாள், ரோஸ் தாள் மேசையிலேயே கிடக்கிறது. பதினோரு மணிக்குத் துளசி கதவையே பார்த்துக்கொண்டிருப்பாள், சரியான கலர் எங்கீங்க என்று கேட்பாள், இதைத்தான் காட்டணும், காட்டினால் நம்பர் ஏறும், காட்டாவிட்டால் அவள் கண்ணைப் பார்க்க முடியாது. அதை அப்புறம் பார்க்கலாம், அழு சாமி, நீ முதலில் அழு, சமத்தாக இருக்காதே, தொண்டை கிழிய அழு, இவன் உள்ளங்காலைச் சுண்டினான், வாய் கொஞ்சம் கோணியது, சத்தம் வரவில்லை, மறுபடி சுண்டினான், கோணியது, அவ்வளவுதான். அஞ்சு நாளாகக் காற்றுப் பட்டுரும், கண்ணுப் பட்டுரும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த அக்காவே முந்தானையை விலக்கி, துணியை விலக்கி, குழந்தையின் நெஞ்சைத் திறந்துவிட்டாள், உச்சி வெயில் ஏறுமுன் இருக்கிற வெயில் அதன்மேல் நேராக விழுந்தது. சிக்னலில் வண்டி நின்றது. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "கொளந்தை மேல வெயிலடிக்குதுங்களே, மரத்தோரமா நெழல்ல ஒதுக்கிக்கட்டுங்களா?" என்று கேட்டார். "வேண்டாங்கண்ணா," என்றான் திருமூர்த்தி, "வெயில்லயே நிறுத்துங்க."